வேதாரண்யத்துக்குப் போன கூறைப்புடவை

ரீஃபண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். ஒன்றிரண்டு தடவை கட்டிய பட்டுப்புடவைகளை வாங்கி, பாலிஷ் போட்டு, ஃபோனில் காட்டி விற்பது என் தொழில். தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறைதான் கடை, கிடங்கு, ஸ்டூடியோ எல்லாம். தினமும் காலை பதினோரு மணிக்கு லைவ். நான் புடவையைப் பிரித்துக் காட்டக் காட்ட எங்கெங்கிருந்தோ பெண்கள் 'எனக்கு, எனக்கு' என்று எழுதுவார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தலைகால் புரியாது. சாயங்காலம் பார்சல் போட்டுவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்.

ஃபோனில் பார்த்த கலர் வேறு, நேரில் வேறு என்பார்கள். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். ஏன், அவரா கட்டப்போகிறார்? ஒருத்தி, "அந்துருண்டை வாசனை வருது, பணத்தைத் திருப்பிப் போடுங்க" என்று குரல் பதிவு அனுப்பினாள். பீரோவில் கிடந்த பட்டு பின்னே அல்வா வாசனையா வரும்? இன்னொரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை "கலர் செட் ஆகல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்து உதறினேன். கொசுவ மடிப்பிலிருந்து மஞ்சள் அட்சதை நாலைந்து மணி தரையில் விழுந்தது. எடுத்து ஒரு தாளில் மடித்து அந்த அம்மாளுக்கே கூரியரில் அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அன்றைக்குப் போட்டேன் சட்டம். பார்சலைப் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். மேலே ஒட்டிய விலாசத்தில் ஆரம்பித்து, கத்தரி போடுவது, புடவையை வெளியே எடுப்பது, பிரிப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வெட்டு இருந்தாலும் ரீஃபண்ட் கிடையாது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் கேட்பதுதான். ஆனால் நான் அதைச் சொல்லும் தோரணை கொஞ்சம் அதிகம். லைவ் தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை, விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். வீட்டுக்காரர், "நீ புடவை விக்கிறியா, பரீட்சை ஹால்ல நிக்கிறியா?" என்று கேலி செய்வார்.

இந்த நேரத்தில்தான் பாபநாசம் பக்கத்திலிருந்து அந்த டீச்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு கட்டைப்பையில் ஐந்து புடவை கொண்டுவந்திருந்தார். நாலை எடுத்துப் பார்த்து விலை பேசி முடித்தேன். ஐந்தாவதைப் பையின் அடியிலிருந்து அவரே எடுத்து என் மடியில் வைத்தார். பட்டும் நூலும் கலந்த அரக்குச் சிவப்பில் கட்டம் போட்டது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், இது உங்க கூறைப்புடவை இல்ல?"

"ஆமா."

"இதை நான் வாங்க மாட்டேனே. தாலி கட்டும்போது கட்டின புடவை. நாளைக்கு மனசு மாறி வந்து நின்னீங்கன்னா நான் எங்க போவேன்?"

"பதினோரு வருஷமா பீரோல இருக்குக்கா. எதுக்காக வச்சிருந்தேனோ அது நடக்கல. இனிமே நடக்கும்னு தோணல. பீரோவத் தொறக்கும்போதெல்லாம் அது என்னைப் பாக்குது. எடுத்துக்குங்க."

எதற்காக வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் புடவை இருக்கிறதே, அடேயப்பா! அந்தச் சிவப்பை இப்போது யாரும் போடுவதில்லை. கை அதை விட்டு வரவில்லை. வாங்கிவிட்டேன்.

முந்தானையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது. கல்யாணத்தன்று பட்டது. பாலிஷ் போட்டும் போகவில்லை. லைவில் காட்டும்போது அந்த இடம் உள்ளே போகிற மாதிரி மடித்துப் பிடித்தேன். கறையே இல்லை என்று நான் வாயால் சொல்லவில்லை. "பாருங்கப்பா, எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றுதான் சொன்னேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. நாலே நிமிடத்தில் வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவளிடமிருந்து வீடியோ வந்தது. பிரிக்கிறாள், புடவையை எடுக்கிறாள், சட்டென்று படம் இருண்டு நின்றுவிடுகிறது. விடிந்த பிறகு எடுத்த அடுத்த துண்டு வீடியோவில் முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுகிறாள். மஞ்சள் கறை பளிச்சென்று தெரிகிறது. "ஏங்க, இதை ஏன் காட்டல நீங்க? தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஆசையா வாங்கினேன்" என்று குரல்.

"வீடியோ ரெண்டு துண்டா இருக்கு. ரீஃபண்ட் கிடையாது" என்று எழுதினேன்.

"நடுவுல கரண்ட் போயிடுச்சுங்க. இருட்டுல எப்படி எடுக்கிறது?"

"எல்லாருக்கும் கரெக்டா அந்த நேரத்துலதான் கரண்ட் போகும்."

அதோடு விட்டேனா? மறுநாள் லைவில் அவள் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, முகமும் இல்லை. ஆனால் குரல் இருந்தது, கையில் பச்சை குத்தியது தெரிந்தது. "நடுவுல கட் பண்ணிட்டு மஞ்சளைத் தடவிட்டு எப்படி ஏமாத்துறாங்க பாருங்க!" என்று விரலை ஆட்டினேன். ஒரே கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. அவள் திரும்பத் திரும்ப எழுதினாள். பிளாக் செய்துவிட்டேன். அந்தக் கறை எனக்குத் தெரிந்த கறை. அதைத் தெரிந்துகொண்டேதான் இத்தனையும் செய்தேன். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ஐந்து மாதம் ஓடிப்போனது. கார்த்திகை மாதம், நல்ல மழை. ஒரு புதன்கிழமை மதியம் டீச்சரிடமிருந்து ஃபோன். குரலே சரியில்லை, மூச்சு வாங்குகிறது.

"அக்கா, அந்தக் கூறைப்புடவை இருக்கா?"

"அது அன்னைக்கே போயிடுச்சே டீச்சர். ஏன்?"

நான் பயந்த மாதிரியே மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

"எங்களுக்குக் குழந்தை வருதுக்கா. வெள்ளிக்கிழமை காலைல வீட்டுக்கு வருது."

"என்ன டீச்சர் சொல்றீங்க! சொல்லவே இல்லையே, எப்பப் பிரசவம் ஆச்சு?"

அவர் சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. "தத்துக்கா. பதிஞ்சு வச்சு வருஷக்கணக்கா ஆச்சு. கூப்பிடவே மாட்டாங்கன்னு விட்டுட்டோம். திடீர்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தோம், கையெழுத்துப் போட்டோம். நாளைக்குப் போய், மறுநாள் அழைச்சுக்கிட்டு வர்றோம்."

நான் மாடி அறையில் ஒரு குதி குதித்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் என்ன விழுந்தது என்று கேட்டார். ஆனால் டீச்சர் இன்னும் முடிக்கவில்லை.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம்க்கா. கூடத்துல ஒரு கொக்கி இருக்கு. இந்த வீட்டுப் பிள்ளைங்க ஒவ்வொண்ணையும் முதல் தடவை அந்தக் கொக்கியிலதான் தூளி கட்டிப் போட்டாங்க. அவங்கவங்க அம்மாவோட கூறைப்புடவையில. என் வீட்டுக்காரர், கொழுந்தனார், அவர் பிள்ளைங்க, எல்லாரும் அப்படித்தான். என் புள்ளைய மட்டும் கடையில வாங்கின புதுப்புடவையில போட்டா, அது அன்னைக்கே வேத்து வீட்டுப் புள்ளையாயிடும்க்கா. யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தக் கூடத்துல நிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

எதற்காகப் பதினோரு வருடம் பீரோவில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"டீச்சர், ஃபோனை வைங்க. வெள்ளிக்கிழமை காலைல புடவை உங்க கூடத்துல இருக்கும்" என்றேன். வாயைக் கொடுத்துவிட்டேன்! விற்ற புடவை எங்கே, நான் எங்கே? வேறு யாராவது வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நான் பிளாக் செய்து, லைவில் மானத்தை வாங்கிய அவளிடமா போய் நிற்க வேண்டும்!

பிளாக்கை எடுத்தேன். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"யாரு, வீடியோ மேடமா? என்ன, இந்தத் தடவை என் குரலைப் போட்டுப் பாட்டு எடுக்கப்போறீங்களா?"

விஷயத்தை முழுக்க எழுதினேன். குழந்தை, கொக்கி, வெள்ளிக்கிழமை, எதையும் விடவில்லை. விலை எவ்வளவோ அதைத் தருகிறேன், மேலேயும் தருகிறேன் என்றேன். படித்துவிட்டாள் என்று நீலக்குறி விழுந்தது. ஃபோனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை. கடைசியில் பதில் வந்தது.

"வித்த பொருளை ரிட்டர்ன் கேக்கிறீங்க. உங்க சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "நேர்ல வாங்க."

வியாழக்கிழமை விடியும்போதே பஸ் ஏறிவிட்டேன். மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ். வழியெல்லாம் சம்பா பயிர் முழங்காலுக்கு நின்றது, வாய்க்கால் நிறையத் தண்ணீர். சாதாரண நாளாக இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு வீடியோ எடுத்திருப்பேன். அன்றைக்கு ஒரே நினைப்புதான். புடவையை வெட்டியிருப்பாளோ? மகளுக்குப் பாவாடை தைத்திருப்பாளோ? கோபத்தில் யாருக்காவது கொடுத்திருப்பாளோ? கண்டக்டர் மிச்சம் கொடுக்க மறந்ததைக் கூட நான் கேட்கவில்லை. நான்! சில்லறைக்குச் சண்டை போடுவதில் பேர் வாங்கியவள்.

அவள் வீடு உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. முன்னறையில் தையல் மிஷின், சுவரோரம் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய்ப் புடவையை எடுத்துவந்து மிஷின் மேல் வைத்தாள். முழுசாக இருந்தது! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையை நீட்டினேன். அவள் தன் கையைப் புடவை மேல் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குக் கறைய உள்ள தள்ளி முந்தானைய மடிச்சுக் கட்டினேன். எல்லாரும் அழகா இருக்குன்னாங்க. எனக்குப் புடவை மேல கோவமே இல்ல. பணத்து மேலயும் இல்ல."

"தெரியுதும்மா."

"என்ன தெரியுது? நான் துணி தைக்கிறவ. ஊர்ல எல்லாரும் தங்க ஜரிகை, பட்டுன்னு என்னை நம்பித்தான் குடுக்கிறாங்க. உங்க லைவ இந்தத் தெருவுலயே ஏழெட்டுப் பேரு பாக்கிறாங்க. என் குரலைக் கேட்டதும் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒருத்தி வந்து குடுத்த பட்டுத்துணியத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிட்டா. 'மஞ்சளத் தடவிட்டு ஏமாத்துறவ'ன்னு பேரு. நீங்களே சொல்லுங்க, அந்தக் கறை ஏற்கெனவே இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப இதையே அங்க சொல்லுங்க." என் ஃபோனைக் காட்டினாள். "விரலை ஆட்டிச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி சொல்லுங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது. ஆளுங்க வந்துடுவாங்க."

என் கோபம் பொசுக்கென்று தலைக்கேறியது. என்ன திமிர் இவளுக்கு! இத்தனை வருடம் கட்டிய பேரை ஒரு நிமிடத்தில் போட்டு உடைக்கச் சொல்கிறாளே! ஒரு தடவை நான் ஏமாற்றியதாக நானே சொல்லிவிட்டால் நாளையிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு பார்சலும் திரும்பி வருமே! வாயைத் திறக்கப் போனேன். மிஷின் மேல் அந்தச் சிவப்பு கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டேன்.

லைவ் ஆரம்பித்தது. "அக்காங்களா, தங்கச்சிங்களா, இன்னைக்குப் புடவை இல்ல" என்றேன். "அஞ்சு மாசம் முன்னாடி ஒரு வீடியோ போட்டு, ஒரு பொண்ணு ஏமாத்துறான்னு சொன்னேன்ல. அந்தப் பொண்ணு..."

கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, வைஃபை போனது, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்த வீட்டுக்குள் ஃபோன் சிக்னலும் ஒரு கோடுகூட இல்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கரெக்டா இந்த நேரத்துலதான் போகும் மேடம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஃபோனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று கத்தினேன். அடிபம்புப் பக்கம் போகச் சொன்னாள். அங்கே குடத்தோடு நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். மழை தூற ஆரம்பித்துவிட்டது. ஃபோனை ஒரு கையால் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அந்த நாலு பேருக்கும், ஃபோனில் இருந்த நூற்றுக்கணக்கான பேருக்கும் சேர்த்து, அடித்தொண்டையில் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் கறைய மடிச்சு மறைச்சு வித்தேன். கேட்டதுக்கு வீடியோவுல கட் இருக்குன்னு சாக்கு சொன்னேன். அவங்க கை சுத்தமான கை. என்னுது இல்ல. இப்ப அவங்க ஊர்லதான் நிக்கிறேன், மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

குடத்துக்காரிகளில் ஒருத்தி மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டுத்துணியைத் திருப்பி வாங்கிப் போனவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது புடவை ஒரு பாலிதீன் பைக்குள் மழைக்குப் பத்திரமாக மடிக்கப்பட்டு இருந்தது. அவள் கொடுத்த விலையை அவளுக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டாள்.

"கேக்கவே இல்லம்மா."

"என்ன அக்கா நீங்க! இவ்வளவு தூரம் வந்தீங்க, அதைக் கேக்க மாட்டீங்களா?" முதல் தடவையாக அக்கா என்றாள். பஸ் நகர்ந்த பிறகும் அந்த அக்கா என் காதிலேயே இருந்தது. ஃபோனைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு பார்த்தபோது திட்டும் இருந்தது, பாராட்டும் இருந்தது, நான் மறுத்த பழைய ரீஃபண்டுகளை நினைவுபடுத்தி மூன்று பேர் எழுதியும் இருந்தார்கள். அதில் இரண்டு நியாயமானது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டீச்சரின் வீட்டுக் கூடத்தில் நின்றேன். டீச்சரும் அவர் கணவரும் குழந்தையோடு காரில் வந்துகொண்டிருந்தார்கள். வீடு முழுக்க உறவுக்காரர்கள். டீச்சரின் மாமியார் என் கையிலிருந்து புடவையை வாங்கி, விரித்து, டீச்சரின் ஓரகத்தியின் கையில் கொடுத்தார். ஓரகத்தி ஸ்டூல் மேல் ஏறிக் கொக்கியில் கயிறு மாட்டித் தூளி கட்டினாள். சிவப்பு கூடத்து நடுவில் தொங்கியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் கொண்டுவந்தேன் என்று வாசலில் நின்ற பால்காரரிடம்கூடச் சொன்னேன்.

கார் வந்தது. ஆரத்தித் தட்டோடு எல்லாரும் ஓடினோம். கதவு திறந்தது. நான் துண்டில் சுற்றிய கைக்குழந்தையைத் தேடுகிறேன், டீச்சரின் கையில் ஒன்றும் இல்லை. அவர் பின்னாலேயே மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண்குழந்தை தானாகக் காலை ஊன்றி இறங்கியது. இரண்டு வயதுக்கு மேல் இருக்கும். குழந்தை என்றால் கைக்குழந்தை என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். இவ்வளவு பெரிய பிள்ளையைத் தூளியில் போடுவார்களா என்று பக்கத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

டீச்சர் அதைக் கேட்டாரோ என்னவோ. நேராகக் கூடத்துக்கு வந்தார். தூளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கித் தூளிக்குள் உட்கார வைத்தார். அவ்வளவுதான். குழந்தை விறைத்துக்கொண்டு வீட்டையே கிழிக்கிற மாதிரி அலறியது. இறக்கினார், சமாதானம் செய்தார், மறுபடி வைத்தார். மறுபடியும் அலறல். காலால் உதைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"விடும்மா, பழக்கமிருக்காது."

"வளந்த புள்ளைல்ல, அதுக்கென்ன தெரியும்."

எல்லாரும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் டீச்சரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தூளிக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் குழந்தை மேலா கோபப்பட முடியும்?

அழுகை நின்றது. குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தூளியிடம் போனது. துணியை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு டீச்சரிடம் வந்து அவர் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்தது. டீச்சருக்குப் புரியவில்லை. இன்னும் பலமாக இழுத்து, தூளிக்குள் கையால் தட்டிக் காட்டியது.

"தூங்கு" என்றது.

டீச்சர் மாமியாரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன முழிக்கிற?" என்றார் மாமியார். "எம் பேத்தி சொல்றால்ல. ஏறு."

டீச்சர் ஏறினார். முழங்காலை மடக்கிக்கொண்டு, புதுப்புடவை கசங்க, கணவர் கொக்கி தாங்குமோ தாங்காதோ என்று இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, தன் கூறைப்புடவைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டார். குழந்தை பக்கத்தில் நின்று, முன்பிருந்த இல்லத்தில் யாரோ அதை அப்படித்தான் தூங்க வைத்திருக்க வேண்டும், சின்னக் கையால் அவர் தோளைத் தட்ட ஆரம்பித்தது.

"தூங்கு... தூங்கு..."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியது.